இருபத்தாறு உயிலும் ஒரு ஜோடி சாக்ஸும்

லிஃப்ட்காரர் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. பஸ் பத்தரை மணிக்கு. ஒன்பதே காலுக்கு அவருடைய கறுப்பு சாக்ஸ் காணாமல் போனது. ஒன்பதே முக்காலுக்கு மூத்த மகளின் கையை விட்டு வீடே போனது. நடுவில் இருந்த அந்த அரை மணி நேரத்தைச் சொல்லிவிட்டால் மனிதரைப் பற்றிப் பாதி சொன்ன மாதிரி.

முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். ஆஸ்பத்திரி, ஹோட்டல், அடுக்குமாடி என்று ஊர் ஊராகப் போய், நடுவழியில் நின்றுபோன லிஃப்டுகளைச் சமாதானப்படுத்திக் கீழே இறக்குவது வேலை. பத்தாவது மாடி உயரத்தில், கம்பியில் தொங்கும் பெட்டியின் தலைமேல் நின்றபடி டீ குடிக்கிற ஆள். ஆனால் பஸ் என்றால் உள்ளங்கை வியர்த்துவிடும். "லிஃப்டுக்கு பிரேக் நான் போட்டது. பஸ்ஸுக்கு எவன் போட்டான்னு யாருக்குத் தெரியும்?" என்பார். அதனால் வெளியூர் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஷூ மாட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு உயில் எழுதிவிடுவார். மற்றவர்கள் கிளம்பும்போது குழாய் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவர் வாரிசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

அன்றைக்குப் பெரியவள் முன்னறையில் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கட்டிய நாலாவது வருஷமே புருஷனை வேண்டாமென்று திரும்பி வந்தவள். அந்த முன்னறையும், தெருவைப் பார்த்த அதன் ஜன்னலும், தையல் மிஷினும்தான் அவளுக்குச் சோறு போட்டன. பள்ளி திறக்க இன்னும் நாலு நாள். நாற்பது பாவாடைக்கு இடுப்புப் பட்டி பாக்கி.

"என் சாக்ஸ் எங்கடி?"

"பையில வெச்சிருக்கேம்ப்பா."

"பையிலதான் தேடுறேன். இல்ல."

"சைடு ஜிப்ல பாருங்க."

"பாத்தாச்சு."

"அப்ப கண்ணாடியப் போட்டுக்கிட்டு இன்னொரு தடவ பாருங்க."

"எனக்குக் கண்ணு தெரியலங்கிறியா?"

"வேற ஜோடி போட்டுக்கிட்டுப் போங்களேன்."

"வேற ஜோடி ஷூவுக்குள்ள சுருட்டிக்கும். மெஷின் ரூம்ல நின்னு நான் மோட்டாரப் பாக்குறதா, சாக்ஸ இழுத்து விட்டுட்டு இருக்கிறதா?"

பெரியவள் மிஷினை நிறுத்தவில்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமலாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "முப்பது வருஷமா லிஃப்டுக்குள்ள மாட்டினவங்கள எல்லாம் கண்டுபிடிச்சு வெளிய எடுத்தீங்க. ஒரு பைக்குள்ள மாட்டின சாக்ஸ எடுக்க முடியலையாக்கும்" என்றாள்.

அவர் உள்ளறைக்குப் போனார். மேசை இழுக்கப்படும் சத்தம் கேட்டது. பழைய சர்வீஸ் படிவம் ஒன்றின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துச் சின்னவனிடமிருந்து போன் வந்தது. அப்பாவின் டிரில்லிங் மிஷின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்கத்தான் கூப்பிட்டான். கூப்பிட்டது கூப்பிட்டோம் என்று, "பஸ்ல ஜன்னல் ஓரமா உக்காராதீங்கப்பா, பத்திரமா போயிட்டு வாங்க" என்று சேர்த்துக்கொண்டான். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவனுக்கு ஒரு மாடி வீடு கிடைத்தது. பேச்சுக்குக் கூலி இந்த அளவுக்கு உயர்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"வீடு பூரா அவனுக்கு" என்று உரக்கப் படித்துக் காட்டினார்.

"எழுதுங்க எழுதுங்க. திரும்பி வந்து மாத்தத்தானே போறீங்க?"

"இந்தத் தடவ மாத்த மாட்டேன்."

இதையும் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அதனால் பெரியவள் அடுத்த பாவாடையை எடுத்தாள். அவர் வேண்டாத ஜோடி சாக்ஸைப் போட்டுக்கொண்டு, எதிர்ச் சாரியில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போய், கடைக்காரரையும் பக்கத்து மருந்துக்கடைக்காரரையும் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து, திரும்பி வந்து காகிதத்தைப் பழைய உயில்கள் இருந்த பெட்டியில் வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்.

இந்த உயில் பழக்கம் பிறவியிலேயே வந்ததில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவி மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டுப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்தவள் அவள்தான். எங்கே என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவும் பிள்ளைகளும் மூன்று மாதம் தேடினார்கள். மெத்தையைக் கிழித்தார்கள், சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார்கள். கடைசியில் சமையலறை அலமாரித் தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில், ஊறுகாய் ஜாடி வைத்த வட்ட எண்ணெய்க் கறையோடு பத்திரம் கிடைத்தது. அன்றைக்கு லிஃப்ட்காரர் தரையில் உட்கார்ந்து சொன்னார்: "நான் போனா நீங்க இப்படி அலையக் கூடாது."

நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் கெடுக்க முடியும் என்பதற்கு அவர் ஒன்பது வருஷம் உழைத்தார்.

முதல் உயிலில் வீடு இருவருக்கும் சரிபாதி. இரண்டாவதில், சின்னவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்காததால், மாடி மட்டும் அவனுக்கு, மாடிப்படி பெரியவளுக்கு. அக்கா மனசு வைத்தால்தான் தம்பி மேலே ஏற முடியும். ஐந்தாவதில் தண்ணீர்த் தொட்டியைத் தனியாகப் பிரித்தார். ஒன்பதாவது எழுதிய அன்று இரண்டு பிள்ளைகளோடும் சண்டை. அதில் யாருக்கு எழுதினார் என்பது பிறகு வரும். யார் பையைக் கட்டிக் கொடுத்தார்கள், யார் டீயில் சர்க்கரை மறந்தார்கள் என்பதை வைத்து வீடு மேலேயும் கீழேயும் போய் வந்தது. குடும்பத்தில் யாருக்கும் இது பயமாக இல்லை. "இன்னிக்கு வீடு யார் மாடியில நிக்குது?" என்று சின்னவனே போனில் கேட்டுச் சிரிப்பான். எப்படியும் அப்பா திரும்பி வருவார், அடுத்த பயணத்துக்குள் கோபம் ஆறும், அடுத்த காகிதத்தில் சரியாகிவிடும்.

அப்பா திரும்பி வராத ஒரு பயணத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. உயில் எழுதியவர் உட்பட.

பஸ் அவரை ஒன்றும் செய்யவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போய்ச் சேர்ந்தார். வெள்ளியும் சனியும் அந்த ஊர் ஆஸ்பத்திரி லிஃப்டில் வேலை பார்த்தார். கம்பெனி அவரைத் தங்க வைத்த லாட்ஜில் லிஃப்ட் கிடையாது. அறை நாலாவது மாடியில். ஞாயிற்றுக்கிழமை காலை கீழே போய் டீ குடித்துவிட்டுப் படியேறியவர், மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். படிக்கட்டு அவரிடம் பழைய பகை எதையோ தீர்த்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்துத்தான் பெட்டியைத் திறந்தார்கள். லிஃப்ட் பட்டன்கள் வந்த அட்டைப்பெட்டி. சின்னவன் அவசரத்தில் அதைக் கட்டிலின்மேல் கவிழ்த்தான். உள்ளே இருந்த வரிசையும் அதோடு கவிழ்ந்தது. இருபத்தாறு காகிதம், மூன்று லேமினேட் செய்யப்பட்டவை. எதிலும் தேதி இல்லை. தேதி இருக்க வேண்டிய மேல் மூலையில் ஒவ்வொன்றிலும் ஓர் எண் மட்டும்.

அதை எடுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனார்கள். நரைத்த தலை, கட்டை விரலில் மை. காகிதங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேசையில் பரப்பி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"உங்க அப்பா என்ன வேலை பாத்தாரு?"

"லிஃப்ட் மெக்கானிக்."

"அதான். ஒரு உயிலுக்கு வேண்டியது ரொம்பக் கொஞ்சம்ப்பா. யாருக்கு என்னன்னு ஒரு வரி. இதுக்கு முன்னாடி எழுதினது எல்லாம் ரத்துன்னு ஒரு வரி. தேதி. அவரு கையெழுத்து. சொத்துல ஒரு செங்கல்கூடக் கிடைக்காத ரெண்டு சாட்சி. அது எங்க இருக்குன்னு வீட்ல ஒரு ஆளுக்குத் தெரியணும். அவ்வளவுதான். இவரு இருபத்தாறு தடவ எழுதி, இருபத்தாறு தடவையும் அதே ரெண்ட விட்டிருக்காரு. ரத்தும் இல்ல, தேதியும் இல்ல."

"இந்த நம்பர்?" என்று சின்னவன் கேட்டான்.

பெரியவளுக்குத் தெரியும். "வேலை நம்பர். கம்பெனியில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர் குடுப்பாங்க. அப்பா எந்தக் காகிதத்துலயும் தேதி போட மாட்டாரு, அதத்தான் போடுவாரு. தேதி மறந்துபோகும், வேலை மறக்காதும்பாரு."

"நல்லதாப் போச்சு" என்று வக்கீலம்மா எண்களை ஏறுமுகமாக அடுக்கினாள். ஆக அடியில் 312. அதற்கு மேலே 6120, 6188, 6305 என்று ஏறிப்போய், ஆக உச்சியில் 9940. எடுத்துப் படித்தாள். "வீடு முழுவதும் என் மூத்த மகளுக்கு. இதுதான் கடைசி. கடைசியா எழுதினதுதான் செல்லும்."

"அடியில இருக்கிற 312?"

"அது உங்களுக்கு எழுதினதுதான் தம்பி. ஆனா ஆகப் பழசு. செல்லாது."

"அம்மா போன புதுசுல எழுதியிருப்பாரு" என்று சின்னவன் தலையாட்டினான்.

பெரியவள் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் கம்பெனி கைமாறியது. போர்டு மாறியது, சட்டை நிறம் மாறியது, வேலை எண்ணும் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. "முப்பது வருஷமா ஏறி வந்த நம்பர ஒரே நாள்ல கிரவுண்ட் ஃப்ளோருக்கு இறக்கிட்டானுங்க" என்று அப்பா ஒரு வாரம் புலம்பினார். பக்கத்தில் உட்கார்ந்து பித்தான் தைத்தபடி அதைக் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். கைமாறிய பிறகு அவர் வெளியூர் போனது அந்த ஒரு தடவைதான். 312 ஆகப் பழசு இல்லை. அது சாக்ஸ் வியாழக்கிழமை.

வாயைத் திறந்தால் வீடு போகும், முன்னறை போகும், ஜன்னல் போகும். மூடியிருந்தால் மாடிப்படியிலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை எல்லாம் அவளுடையது. இதில் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

சும்மா இருந்தாள்.

வக்கீலம்மா ஒரு சரிபார்ப்புக்காக ஜெராக்ஸ் கடைக்காரரை வரச் சொன்னாள். அவர் கையில் மை படிந்த துணியோடு வந்தார்.

"அண்ணே, இதுல எது கடைசியா கையெழுத்துப் போட்டது?"

"எல்லாம் நான் போட்டதுதாம்மா."

"அது தெரியுது. எது கடைசி?"

"மாசத்துக்கு நூறு பேருக்கு சாட்சி போடுறேன். என்ன எழுதியிருக்குன்னு நான் படிக்கிறது இல்ல. அடுத்தவங்க குடும்ப விஷயம் பாருங்க."

"படிச்சிருக்கலாம்" என்று வக்கீலம்மா ஒன்பதாவது காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். "இதுல வீட்ட உங்களுக்கு எழுதி வெச்சிருக்காரு."

கடைக்காரர் துணியைக் கீழே போட்டார். இரண்டு தடவை படித்தார். "எனக்கா? என்னத்துக்கு?"

"ரெண்டு பிள்ளைங்களும் சரியில்லையாம், கேட்ட நேரத்துக்குக் கடையத் திறந்து வெச்சிருந்தது நீங்கதானாம். ஆனா சாட்சிக் கையெழுத்தும் நீங்களே போட்டிருக்கீங்க. வாங்குற ஆளே சாட்சியா இருந்தா அவருக்கு எழுதினது செல்லாது. இதுக்கப்புறம் வேற எதுவுமே எழுதாம அவரு போயிருந்தாலும், உங்க வீட்ட நீங்களே கையெழுத்துப் போட்டு வேண்டாம்னுட்டீங்க."

அன்றிலிருந்து அந்த மனிதர் எந்தக் காகிதத்தையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஒரு பிறப்புச் சான்றிதழுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. கடை வாசலில் கூட்டம் நிற்கிறது.

வங்கியில் இன்னொரு கூத்து. அப்பாவின் கணக்கை முடிக்கப் போனால், கவுன்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "நாமினி வந்து கையெழுத்துப் போடணும்" என்றாள். நாமினி யார் என்றால், அம்மா.

"அவங்க வர மாட்டாங்க" என்றாள் பெரியவள்.

"உடம்பு முடியலன்னா வீட்டுக்கே ஆள் அனுப்புவோம்."

"ஒன்பது வருஷமா முடியலம்மா."

மனைவி போன பிறகு இருபத்தாறு காகிதம் எழுதியவருக்கு, நாமினி பெயரை மாற்ற ஒரே ஒரு படிவம் நிரப்பத் தோன்றவில்லை. அதற்குப் பஸ் ஏற வேண்டியிருக்கவில்லை, அதனால் இருக்கலாம்.

வக்கீலம்மா பிரமாணப் பத்திரம் தயாராகப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றாள். 'எனக்குத் தெரிந்தவரை 9940 என்று எண் இட்டதே என் தந்தையின் கடைசி உயில்' என்று இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பன்னிரண்டு நாளும் பெரியவள் ரொம்ப நல்லவளாக இருந்தாள். தம்பியின் பேன்ட் இரண்டுக்கு ஜிப் மாற்றிக் கொடுத்தாள். தம்பி மகளுக்கு கவுன் தைத்தாள், கழுத்தில் சரிகை வைத்து. முன்னறையின் அளவை எடுத்து, இரண்டாவது மிஷின் போட்டால் கதவு திறக்குமா என்று பார்த்தாள். திறக்கும்.

நாலாவது நாள் லாட்ஜிலிருந்து அப்பாவின் பை வந்தது. சட்டை இரண்டு, சோப்பு டப்பா, ஸ்பேனர் சுருள், கறுப்பு சாக்ஸ் ஒரு ஜோடி. துவைத்து, காய வைத்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி உருண்டையாக. பெரியவள் அந்த உருண்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது அவள் வைத்த ஜோடியா? பைக்குள்ளேயே கிடந்து, கண்டுபிடித்து, அசடு வழிந்தாரா? இல்லை அந்த ஊரில் போய் வாங்கி, அவளைத் திட்டிக்கொண்டே மாட்டினாரா? தையல் பிரித்துப் பார்க்கிற கண்ணுக்கு எல்லாத் துணியும் ஏதாவது சொல்லும். கறுப்பு சாக்ஸ் ஒன்றும் சொல்லவில்லை. சந்தையில் விற்பதும் கம்பெனி கொடுப்பதும் ஒரே ரகம், ஒரே எலாஸ்டிக்.

பையின் அடியில் வேலைச் சீட்டு இருந்தது. வேலை எண் 312, பக்கத்திலேயே தேதி, அலுவலகத்தில் அச்சடித்தது. அதை மடித்து, அளவு எழுதும் நோட்டுக்குள் வைத்தாள். கிழித்துப் போட்டிருக்கலாம். அது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது, நாலைந்து தடவை.

பன்னிரண்டாவது நாள் வக்கீலம்மா அலுவலகத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. பத்திரம் தயார். வக்கீலம்மா பேனாவை நீட்டினாள். சின்னவன் வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, அன்னிக்கு வீட்ல இருந்தது நீ. கிளம்பும்போது அவரு என்ன எழுதினாருன்னு உனக்குத் தெரியும்ல? இந்த நம்பர் கிம்பர் எல்லாம் எனக்குப் புரியல. நீ சொன்னா சரி. நீ சொல்றதுலதான் நான் போடுறேன்."

இப்படி ஒரு நம்பிக்கையை வைத்து ஒருவரை அடிப்பது அவனுக்குப் பிறவியிலேயே வந்த கெட்ட குணம். சின்ன வயசிலும் இப்படித்தான்: கண்ணாமூச்சியில் எங்கே ஒளியப்போகிறேன் என்று அவனே முன்கூட்டிச் சொல்லிவிடுவான், அவளும் அந்தப் பக்கம் போக முடியாது.

"இது இல்லடா" என்றாள் பெரியவள். நோட்டிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். "312தான் கடைசி. கம்பெனி கைமாறி நம்பர் திரும்ப ஒண்ணுல ஆரம்பிச்சாங்க. அன்னிக்கு சாக்ஸ் கிடைக்கலன்னு என்மேல கோவத்துல எழுதினாரு. நீ அந்த நேரம் போன் பண்ணின."

வக்கீலம்மா சீட்டைப் பார்த்தாள், உயிலைப் பார்த்தாள், பெரியவளைப் பார்த்தாள். முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு கட்சிக்காரரை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. "நீங்க என்ன சொல்றீங்கன்னு புரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"புரியுது."

"கோவத்துல எழுதினதுன்னு சட்டத்துக்குத் தெரியாது. சாக்ஸ் பத்தியும் தெரியாது."

"அதுவும் எனக்குத் தெரியும்."

சின்னவன் பேனாவைக் கீழே வைத்தான். கண் கலங்கியது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். இந்த இடத்தில், வேண்டாம்க்கா, பாதிப் பாதி வெச்சுக்கலாம் என்று அவன் சொல்லப்போகிறான் என்று பெரியவள் நினைத்தாள். வக்கீலம்மாவும் நினைத்தாள், காகிதக் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளைக்கூட உருவினாள்.

"அப்பா ஆசைப்பட்டு எழுதியிருக்காரு" என்றான் சின்னவன். "அத மீறக் கூடாதுக்கா."

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அப்பாவின் சொல்லுக்கு அவன் அவ்வளவு மரியாதை கொடுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். டிரில்லிங் மிஷினையும் எடுத்துக்கொண்டான்.

மறுமாதம் தம்பி மனைவி அளவு டேப்போடு முன்னறைக்கு வந்தாள். "அண்ணி, நீங்க எப்ப வேணா இருக்கலாம். இது உங்க வீடு" என்று சொல்லிக்கொண்டே, ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவில் ஃபிரிட்ஜ் நிற்குமா என்று பார்த்தாள்.

"நிக்கும். நான் அளந்திருக்கேன்" என்றாள் பெரியவள்.

ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் காகிதக் கட்டு அடுக்கும் ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. கடைக்காரர் அதைக் காலி செய்து கொடுத்தார். ஒரு காலத்தில் அந்த வீடு தன்னுடையதாக இருந்தது என்ற முறையில், அதை இழந்த இன்னொருவர்மேல் அவருக்கு ஒரு பாசம் வந்திருந்தது. "நம்ம ரெண்டு பேரும் வீட்ட விட்டவங்கம்மா" என்பார், டோனர் மாற்றிக்கொண்டே.

"நீங்க தெரியாம விட்டீங்க. நான் தெரிஞ்சு விட்டேன். ரெண்டையும் சேக்காதீங்க."

மிஷின் அங்கே நின்ற முதல் வாரமே பெரியவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு வெள்ளைத் தாளில் தன் உயிலை எழுதினாள். தேதியை எண்ணிலும் எழுத்திலும் போட்டாள். இதற்கு முன்னால் எதுவும் எழுதவில்லை, எழுதியிருந்தால் ரத்து என்று ஒரு வரி. தையல் மிஷின், கத்தரிக்கோல் இரண்டு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் தம்பி மகளுக்கு. வங்கிக்குப் போய்த் தன் கணக்கில் நாமினி பெயரையும் மாற்றினாள். கவுன்டர் பெண் அடையாளம் கண்டுகொண்டு எழுந்து நின்றாள். சாட்சிக்கு மருந்துக்கடைக்காரர் உடனே போட்டார். ஜெராக்ஸ் கடைக்காரர் மூன்று தடவை படித்தார்.

"இதுல எனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"இஸ்திரிப் பெட்டிகூட இல்ல."

அப்புறம்தான் போட்டார். எழுதியதைத் தம்பியிடம் காட்டி, எங்கே வைத்திருக்கிறாள் என்றும் சொன்னாள். "உனக்கு என்னக்கா அதுக்குள்ள, இதெல்லாம் எதுக்கு?" என்று சிரித்தான். அவன் உயில் எழுதியிருக்கிறானா என்று கேட்டாள். பேச்சை மாற்றினான்.

பத்து மாதம் போனது. இன்னொரு சீருடைக் காலம் வந்தது. ஜன்னல் இல்லாத அறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. கறுப்பு சாக்ஸ் உருண்டை நூல்கண்டு டப்பாவில் கிடந்தது. நூல் எடுக்கும்போதெல்லாம் கையில் தட்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை அவளுக்கு அதே கேள்வி வரும், ஏழெட்டுத் தடவை அதை ஒதுக்கிவிட்டு வெள்ளை நூலை எடுப்பாள். வீடு போனதுகூடப் பழகிவிட்டது. அந்த மனிதர் என்ன நினைத்துக்கொண்டு படியேறினார் என்பது பழகவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நாற்பத்திரண்டாவது பாவாடைக்கு நடுவில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"வணக்கம்மா. நான் ஆஸ்பத்திரி கட்டிட சூப்பர்வைசர். புது மெக்கானிக் இன்னிக்கு மெஷின் ரூம் கன்ட்ரோல் பெட்டியத் திறந்தப்ப, கதவு உள்பக்கம் உங்க அப்பா எழுதின சர்வீஸ் கார்டு இருந்தது. அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு உங்க நம்பர் போட்டிருக்கார். சொந்த விஷயம் மாதிரி இருக்கு, அதான் போட்டோ அனுப்பறேன். கீழ சாட்சிக் கையெழுத்துக் கட்டம் காலியா இருக்கு, அன்னிக்கு நாங்க போடாம விட்டுட்டோம். தேவைன்னா இப்ப போட்டு அனுப்பட்டுமா?"

கீழே படம். அப்பாவின் கட்டை எழுத்து. தேதி என்ற கட்டத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக, தேதி. சனிக்கிழமை.

'வேலை எண் 312. மூன்றாம் மாடிக் கதவு முழுதாக மூடவில்லை. ரோலர் மாற்றப்பட்டது. எண்ணெய் விடப்பட்டது. மேலே கீழே பத்து முறை ஓட்டிப் பார்த்தேன், சரி. சாக்ஸ் பையில் சட்டைக் கைக்குள் இருந்தது. ஊர் திரும்பியதும் முதல் வேலையாக வீட்டைப் பெரியவளுக்கு மாற்றி எழுத வேண்டும். சாக்ஸ் கிடைத்ததை அவளிடம் சொல்ல வேண்டாம்.'